மின்சாரம் கொடுத்தால் கால் நிற்குமா? யாருக்கு நிற்கும்?



பாண்டுப் டெம்பிபாடா மேட்டில் குடியிருக்கும் திருநெல்வேலிக் குடும்பம் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். கட்டட வேலையின்போது சாரத்திலிருந்து விழுந்த அவர்களுடைய மகனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. விழுந்து எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. அந்த அம்மா ஒரு விளம்பரத் தாளை என் கையில் கொடுத்துவிட்டு இப்படிக் கேட்டார்: "தம்பி, இந்த மிஷினு காலுக்குக் கரண்டு குடுத்து எழுப்பி நிறுத்துமாமே. கழுத்துல கெடக்குறத வித்துரலாம்னு இருக்கோம். வாங்கலாமா?"

பிசியோதெரபி தொழிலில் இருப்பவன் என்ற முறையில் அந்தக் கேள்விக்கு நான் உடனே "ஆம்" என்றும் சொல்ல முடியவில்லை, "வேண்டாம்" என்றும் சொல்ல முடியவில்லை. செயலிழந்த கால்களை மின் தூண்டலால் நிற்க வைக்க முடியும் என்பது உண்மை. அது எல்லோருக்கும் பொருந்தாது என்பதும் உண்மை. அந்த இரண்டாவது உண்மையைத்தான் விளம்பரத் தாள் சொல்லவில்லை. "எவ்வளவு விலை?" என்று கேட்பதற்கு முன்னால் "யாருக்கு?" என்று கேட்க வேண்டும்.

சாரத்திலிருந்து விழுந்தவர்கள், லோக்கல் ரயிலிலிருந்து தவறியவர்கள், சாலை விபத்தில் சிக்கியவர்கள் என்று முதுகுத் தண்டுவடத்தில் அடிபட்டவர்கள் நம் மக்களிடையே குறைவில்லை. ஆகவே இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மெயின் கேபிளும் வீட்டு வயரிங்கும்

மூளையிலிருந்து புறப்படும் கட்டளை காலின் தசைக்குப் போய்ச் சேர இரண்டு கட்டப் பாதை இருக்கிறது. மூளையிலிருந்து தண்டுவடத்தின் கீழ்ப்பகுதி வரை வருவது முதல் கட்டம். அங்கே இருக்கும் நரம்பணுக்களிலிருந்து புறப்பட்டுத் தசை வரை செல்வது இரண்டாம் கட்டம்.

நம் சாலுக்கு வரும் மின்சாரத்தை நினைத்துக் கொள்ளுங்கள். தெருவிலிருந்து வரும் மெயின் கேபிள் அறுந்து போனால் வீடு இருட்டாகிவிடும். ஆனால் வீட்டுக்குள் இருக்கும் வயரிங் நன்றாக இருந்தால் ஒரு இன்வெர்ட்டரை இணைத்ததும் விளக்கு எரியும், விசிறி சுற்றும். மெயின் கேபிள் நன்றாக இருந்து, வீட்டு வயரிங் எரிந்து போயிருந்தாலும் வீடு இருட்டுத்தான். அப்போது எத்தனை இன்வெர்ட்டர் வாங்கி வைத்தாலும் பயனில்லை.

மின் தூண்டல் கருவி இந்த இன்வெர்ட்டரைப் போன்றது. தொடையின் மேல் ஒட்டும் பட்டைகள் வழியாக அது சிறு மின் துடிப்புகளை அனுப்புகிறது. அந்தத் துடிப்புகள் தசையை நேரடியாக இயக்குவதில்லை. தசைக்குச் செல்லும் நரம்பைத்தான் இயக்குகின்றன. நரம்பு உயிரோடு இருந்தால் தொடையின் முன்தசை இறுகும், முழங்கால் நிமிரும். நரம்பு பட்டுப் போயிருந்தால் அதே துடிப்புக்குத் தசை அசையாது.

இங்கே ஒரு கசப்பான செய்தியும் உண்டு. தண்டுவடம் முதுகெலும்பின் அடி வரை நீண்டிருப்பதில்லை. பெரியவர்களுக்கு அது இடுப்பின் முதல் அல்லது இரண்டாவது எலும்பருகே முடிந்து விடுகிறது. கால்களை இயக்கும் நரம்பணுக்கள் டி-10 முதல் எல்-1 வரையிலான எலும்புகளுக்கு உள்ளே நெருக்கமாகக் கூடியிருக்கின்றன. (மார்புப் பகுதியின் 12 எலும்புகளை மருத்துவர்கள் "டி" என்றும் இடுப்புப் பகுதி எலும்புகளை "எல்" என்றும் எண்ணிட்டுக் குறிப்பார்கள்.) உயரத்திலிருந்து விழுபவர்களுக்கு அடிக்கடி நொறுங்குவது டி-12, எல்-1 எலும்புகள். அதாவது விழுந்த வேகத்தில் வீட்டு வயரிங் இருக்கும் இடமே நசுங்கி விடுகிறது. சாரத்திலிருந்து விழுந்த நம் தொழிலாளிகள் பலருக்கு இந்தக் கருவி பயன்படாமல் போவதற்கு இதுவே காரணம்.

இந்த வித்தை எப்போது பிறந்தது?

1960ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் புரூக்ளினில் ஏட்ரியன் கான்ட்ரோவிட்ஸ் என்ற அறுவை மருத்துவர், மார்புக்குக் கீழ் செயலிழந்த ஒருவரின் தொடை, பிட்டத் தசைகளுக்கு மின் துடிப்பு கொடுத்துச் சில நிமிடங்கள் நிற்க வைத்தார். 1967இல் அமெரிக்காவின் முதல் இதய மாற்று அறுவையைச் செய்தவரும் இவரே.

பிறகு இதை ஒரு முறையான சிகிச்சையாக வளர்த்தவர்கள் அன்றைய யூகோஸ்லாவியாவின் (இன்று ஸ்லோவேனியா) லுப்லியானா நகரத்தார். அலோய்ஸ் கிரால்ய், ததேய் பாய்த் ஆகிய இருவரும் 1989இல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார்கள். நிற்பதற்கு இரண்டு தொடைகளுக்கும் ஒவ்வோர் இணைப்பு, அடியெடுத்து வைப்பதற்கு முழங்காலுக்குக் கீழே ஒவ்வோர் இணைப்பு, ஆக நான்கு இணைப்புகள் போதும் என்று அவர்கள் செய்து காட்டினார்கள். எல்லோருக்கும் இதைப் பொருத்திவிட முடியாது, தேர்ந்தெடுத்தே செய்ய வேண்டும் என்பதும் அவர்களுடைய அனுபவம்.

1982இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ரைட் ஸ்டேட் பல்கலைக்கழக மாணவி நான் டேவிஸ் கணினி இயக்கிய மின் தூண்டலால் சில அடிகள் நடந்தார். அடுத்த ஆண்டு பட்டம் பெறவும் அவ்வாறே நடந்து சென்றார். உலகப் பத்திரிகைகள் எல்லாம் படம் போட்டன. ஆனால் அவருடைய அன்றாட வாழ்க்கை சக்கர நாற்காலியில்தான் தொடர்ந்தது. படத்தைப் பார்த்தவர்கள் இந்தப் பகுதியைக் கவனிக்கவில்லை.

1994இல் "பாராஸ்டெப்" என்ற கருவிக்கு அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. 2003இல் அந்நாட்டு முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேர் இத்தகைய கருவிக்குப் பணம் தர ஒப்புக்கொண்டது. ஆனால் யாருக்குத் தரலாம் என்று ஒரு நீண்ட பட்டியலும் போட்டது. பணக்கார நாடே பட்டியல் போட்டுப் பார்த்துத்தான் கொடுக்கிறது. நாம் நகையை விற்பதற்கு முன் அந்தப் பட்டியலைத் தெரிந்து கொள்ள வேண்டாமா?

கேட்க வேண்டிய கேள்விகள்

1. நரம்பு உயிரோடு இருக்கிறதா?

இதுதான் முதல் கேள்வி. இதற்கு விடை "இல்லை" என்றால் மற்றவற்றைக் கேட்க வேண்டியதில்லை. கால் அவ்வப்போது தானே துள்ளுவது, விறைத்துக் கொள்வது, முழங்காலுக்குக் கீழே தட்டினால் உதறுவது ஆகியவை இரண்டாம் கட்டப் பாதை வேலை செய்வதன் அறிகுறிகள். துள்ளலைக் கண்டு "கால் வந்துவிட்டது" என்று மகிழ்பவர்களும் உண்டு, "நோய் முற்றிவிட்டது" என்று அஞ்சுபவர்களும் உண்டு. இரண்டுமே சரியல்ல. மெயின் கேபிள் அறுந்திருக்கிறது, உள் வயரிங் மிஞ்சியிருக்கிறது என்பதே அதன் பொருள். மாறாக, மாதங்கள் பல ஆகியும் கால் துணி போலத் துவண்டு, தொடைச் சதை வேகமாக வற்றிப் போயிருந்தால் உள் வயரிங் போயிருக்கக் கூடும். ஆனால் அடிபட்ட முதல் சில வாரங்களில் எல்லோருக்கும் கால் துவண்டுதான் இருக்கும். அப்போது எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

பிசியோதெரபிப் பிரிவில் இருக்கும் சாதாரண மசில் ஸ்டிமுலேட்டரைக் கொண்டே இதைச் சோதிக்கலாம். இங்கே ஒரு எச்சரிக்கை. அந்தக் கருவிகளில் "ஃபாரடிக்" என்றும் "கால்வானிக்" என்றும் இரண்டு வகை மின்னோட்டம் இருக்கும். கால்வானிக் நீண்ட துடிப்புகளைக் கொண்டது. நரம்பு செத்த தசையும் அதற்குப் புழு நெளிவது போல மெல்ல அசையும். அந்த அசைவைக் காட்டி "பாருங்கள், வேலை செய்கிறது" என்று யாராவது சொன்னால் ஏமாந்து விடாதீர்கள். மிகக் குறுகிய துடிப்புக்கு, அதாவது ஃபாரடிக் வகைக்கு, தசை சட்டென்று இறுகி முழங்காலை நிமிர்த்துகிறதா என்பதே கேள்வி. ஐயம் இருந்தால் நரம்பு, தசை ஆகியவற்றின் மின் செயலை அளக்கும் ஈ.எம்.ஜி. சோதனை தெளிவுபடுத்தும்.

வியன்னாவில் நரம்பு செத்த தசைகளுக்கும் தனி வகைக் கருவியால் நீண்ட, வலுவான துடிப்புகளை ஆண்டுக்கணக்கில் கொடுத்து வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். சிலர் எழுந்தும் நின்றிருக்கிறார்கள். ஆனால் அது வேறு கருவி, வேறு உழைப்பு. கடையில் விற்கும் கருவி அந்த வேலையைச் செய்யாது.

2. அடி எந்த உயரத்தில்?

மார்புப் பகுதியில், அதாவது டி-4க்கும் டி-12க்கும் இடையே நரம்புப் பாதிப்பு உள்ளவர்களே பெரும்பாலும் பொருத்தமானவர்கள். அதற்கு மேலே அடிபட்டால் கையும் உடம்பின் நடுப்பகுதியும் தளர்ந்துவிடும். நிற்கும்போது வாக்கரைப் பிடித்துச் சமநிலை காப்பவை கைகள்தாம். விரல்களால் பொத்தானை அழுத்தவும் முடிய வேண்டும். டி-6க்கு மேலே அடிபட்டவர்களுக்கு வேறொரு ஆபத்தும் உண்டு. உணர்வில்லாத இடத்தில் ஏற்படும் தூண்டலால் இரத்த அழுத்தம் திடீரென்று ஏறி, தலைவலியும் வியர்வையும் வரும். அத்தகையவர்களைத் தொடக்கத்திலேயே கண்டுபிடிக்க வேண்டும்.

3. விபத்து நடந்து எவ்வளவு காலம் ஆயிற்று?

காயமும் அறுவையும் ஆறி, குறைந்தது ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். இயற்கையாகத் திரும்பி வரக்கூடியது எவ்வளவு என்று தெரிந்த பிறகே கருவியைப் பற்றி யோசிக்க வேண்டும்.

4. மூட்டுகள் நிமிருகின்றனவா?

மின் தூண்டலில் நிற்பவர் முழங்காலைப் பூட்டி, இடுப்பைச் சற்று முன்னே தள்ளி, கைகளால் தாங்கி நிற்கிறார். இடுப்போ முழங்காலோ மடங்கியே இறுகிவிட்டால், கணுக்கால் கீழ்நோக்கி வளைந்துவிட்டால், எவ்வளவு மின்சாரம் கொடுத்தாலும் நிற்க முடியாது.

இதில் நம் வீடுகளில் அன்பினால் செய்யும் ஒரு தவறு இருக்கிறது. "பிள்ளைக்கு வசதியாக இருக்கட்டும்" என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்போம். மாதக்கணக்கில் அப்படியே கிடந்தால் முழங்கால் மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். நரம்பு நன்றாக இருந்தும் இந்தத் தலையணையினால் வாய்ப்பை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தலையணையை எடுத்துவிடுங்கள். முதுகெலும்பு ஆறிவிட்டது என்று மருத்துவர் சொன்ன பிறகு தினமும் சிறிது நேரம் குப்புறப் படுக்க வையுங்கள். மூட்டுகளை தினம் இரண்டு வேளை நீட்டி மடக்கி விடுங்கள். இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

5. எலும்பு தாங்குமா?

உடம்பின் பாரத்தைத் தாங்காத கால் எலும்பு ஓரிரு ஆண்டுகளிலேயே வலுவிழந்து விடும். மின் துடிப்பில் தொடைத் தசை திடீரென்று இறுகும்போது முழங்காலருகே எலும்பு முறிந்து போகலாம். உணர்வில்லாததால் முறிந்ததே தெரியாமல் போவதும் உண்டு. ஆகவே எக்ஸ்ரே எடுக்காமல் தொடங்கக்கூடாது. சிறு தட்டுதலிலேயே முன்பு கால் எலும்பு முறிந்தவர்களுக்கு இது வேண்டாம் என்பதே விதி.

6. தோலும் இதயமும் எப்படி?

படுக்கைப் புண் இருந்தால் முதலில் அது ஆற வேண்டும். உணர்வற்ற தோலில் பட்டை சரியாக ஒட்டாவிட்டால் சுட்டுவிடும், நோயாளிக்குத் தெரியாது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள், கால் இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்திருப்பவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்குக் கொடுக்கக்கூடாது. நிமிர்த்தியதும் தலை சுற்றி மயங்குபவர்களைச் சாய்வு மேசையில் கட்டி, நாள்தோறும் சிறிது சிறிதாக நிமிர்த்திப் பழக்க வேண்டும்.

7. உழைக்க மனம் இருக்கிறதா?

நான் மேலே சொன்ன 2003ஆம் ஆண்டு விதியில், மூன்று மாதங்களில் 32 முறை பயிற்சி முடித்தவருக்கே கருவி என்று இருக்கிறது. வற்றிய தசையை முதலில் உட்கார்ந்த நிலையில் தூண்டித் தூண்டி வலுவாக்க வேண்டும். பிறகே எழுந்து நிற்பது. பயிற்சியை விட்டால் தசை மறுபடி வற்றிவிடும். வீட்டில் பட்டை ஒட்டவும் பக்கத்தில் நிற்கவும் ஒருவர் வேண்டும். நோயாளி விரும்ப வேண்டும், தாய் தந்தை விரும்பினால் மட்டும் போதாது.

நின்றால் என்ன கிடைக்கும்?

மூளை இயக்கும்போது தசை நார்கள் முறை வைத்து வேலை செய்கின்றன. மின்சாரம் இயக்கும்போதோ ஒரே நார்கள் ஒரே நேரத்தில் இழுக்கப்படுகின்றன. அதனால் தசை விரைவில் களைத்துவிடும். தொடக்கத்தில் சில நிமிடங்களே நிற்க முடியும். நன்கு பழகிய சிலர் ஒரு மணி நேரமும் நின்றிருக்கிறார்கள். கருவியை நிறுத்தினால் கால் மடங்கிவிடும். அறுந்த தண்டுவடத்தை இது ஒட்ட வைப்பதில்லை, உணர்வைத் திருப்பித் தருவதும் இல்லை.

ஆனாலும் நிற்பது சிறிய விஷயமல்ல. பிட்டத்தின் மேல் உள்ள அழுத்தம் குறையும். பலருக்குக் கால் விறைப்பு சில மணி நேரம் தணியும். அலமாரியின் மேல்தட்டு எட்டும். மற்றவர்களின் கண்ணுக்கு நேரே கண் வைத்துப் பேச முடியும். இதன் அருமையை ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்தே இருந்தவர்களிடம் கேட்டால்தான் தெரியும்.

தண்டுவடத்தின் மேலேயே மின்முனைகளை அறுவை செய்து பொருத்தும் முறையில் 2011இல் அமெரிக்காவின் லூயிவில் நகரிலும், பின்னர் சுவிட்சர்லாந்தின் லோசானிலும் சிலர் நின்றதாகவும் நடந்ததாகவும் செய்தி படித்திருப்பீர்கள். அது வேறு முறை. தேர்ந்தெடுத்த சிலருக்குத் தேர்ந்த மையங்களில் செய்யப்படுவது. அந்தச் செய்தியைக் காட்டி இந்தக் கருவியை விற்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

பொருந்தாதவர்கள் என்ன செய்வது?

"உனக்குப் பொருந்தாது" என்று சொன்னால் "இனி நிற்கவே முடியாது" என்று பொருள் அல்ல. காலிப்பர் போட்டு, வாக்கரைப் பிடித்து நிற்கலாம். தச்சரைக் கொண்டு அளவெடுத்துச் செய்த நிற்கும் சட்டத்திலும், மருத்துவர் பார்த்துச் சரி என்ற பிறகு, நிற்கலாம். 2019இல் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியை சுஜாதா சீனிவாசன் குழுவினர் "அரைஸ்" என்ற நிற்கும் சக்கர நாற்காலியை வெளியிட்டார்கள். உட்கார்ந்தபடியே கையால் இயக்கி எழுந்து நிற்கலாம். அறிமுகமானபோது அதன் விலை சுமார் 15,000 ரூபாய். இவை எதற்கும் நரம்பு உயிரோடு இருக்க வேண்டிய அவசியம் இல்லை. மூட்டு நிமிர வேண்டும், எலும்பு தாங்க வேண்டும், அவ்வளவே.

நம்மில் பலருக்கு வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை தெரியும். அங்கே பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் நேர்ந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அதன் பிறகும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிய கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் பயிற்சி பெற்றுத் திரும்பி, வேலூரில் மறுவாழ்வுத் துறையை நடத்தினார். 1966இல் அங்கே இதற்கென்றே ஒரு நிலையம் எழுந்தது. 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. எத்தனையோ நோயாளிகளைக் காலிப்பரிலும் வாக்கரிலும் நிற்க வைத்த அவர், தம் பணியைச் செய்தது உட்கார்ந்தபடிதான்.

எங்கே போய்க் கேட்பது?

மும்பையில் ஹாஜி அலியில் 1955இல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் அகில இந்திய உடல்சார் மருத்துவ மறுவாழ்வு நிறுவனம் இருக்கிறது. சோதனை, காலிப்பர், பயிற்சி எல்லாவற்றுக்கும் அங்கே போகலாம். பாண்டுப்பிலிருந்து தாதர் சென்று, மேற்கு ரயில்வேயில் மகாலட்சுமியில் இறங்க வேண்டும். சயான் மருத்துவமனை, பரேல் கே.இ.எம். மருத்துவமனை இரண்டிலும் பிசியோதெரபிப் பிரிவுகள் உண்டு. போகும்போது முதல் நாள் முதல் உள்ள எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ., அறுவைக் குறிப்பு எல்லாவற்றையும் ஒரே பையில் எடுத்துச் செல்லுங்கள். கருவி விற்பவரிடம் போவது அதற்குப் பிறகு.

அந்த அம்மாவின் மகனையும் சோதித்துப் பார்த்தோம். உடைந்தது எல்-1 எலும்பு. இரண்டு தொடைகளிலும் ஃபாரடிக் துடிப்புக்கு அசைவே இல்லை. ஈ.எம்.ஜி.யும் அதையே சொன்னது. அந்த அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ வேற என்ன வழி தம்பி?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடிந்தது. முழங்கால் தலையணையை அன்றே எடுத்தார்கள். மூட்டுகள் நிமிர மூன்று மாதம் ஆயிற்று. இப்போது காலிப்பர் போட்டு, மோரிப் பக்கத்துச் சுவரில் அடித்த கம்பியைப் பிடித்துக்கொண்டு காலையும் மாலையும் அரைமணி நேரம் நிற்கிறார். மேட்டுப் படிகளில் இறங்கத்தான் இன்னமும் இரண்டு பேர் தூக்க வேண்டியிருக்கிறது. கீழே தரைமட்டத்தில் வாடகைக்கு ஓர் அறை தேடிக் கொண்டிருக்கிறார்கள். நகையை விற்காமல் வைத்திருப்பது அதற்கான டெபாசிட்டுக்கு உதவும்.

உங்கள் சாலில், உங்கள் உறவில் இப்படி ஒருவர் இருந்தால் இந்தக் கட்டுரையை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். முதல் வேலையாக, முழங்காலுக்கு அடியில் தலையணை இருக்கிறதா என்று பாருங்கள்.